ஒரு மூடிக்கு மேல் மருந்து

மச்சான்,

இன்று காலை கோயில் நோம்பிக்கு வேட்டுப் போட்டார்கள். வெடிமருந்து வாடை மூக்கில் ஏறியதும் கஞ்சியைக் குடிக்காமல் வைத்துவிட்டேன். "என்ன கண்ணு, காய்ச்சலா?" என்றாள் அக்கா. உங்களைக் கட்டியவளிடம் நான் என்னவென்று சொல்ல?

பட்டாளத்திலிருந்து நீங்கள் திரும்பியபோது ஊரில் இருந்தது ஒரே துப்பாக்கி; பட்டாளமே கழித்துவிட்ட கிழடு. குழலின் வாய்வழியாக மருந்தைக் கொட்டி, குண்டை இறக்கி, கம்பியால் இடிக்க வேண்டும். சண்டையில் நீங்கள் பிடித்த ரைபிளுக்குக் குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் புரி உண்டு, முந்நூறு கெஜத்திலும் குறி தப்பாது என்பீர்கள். இதற்கோ உள்ளே வெறும் வழவழப்பு. "அறுவது தப்படிக்கு மேல இது துப்பாக்கி இல்லீங்க மாப்பிள்ளை, வெறும் சத்தம்" என்பீர்கள் என்னிடம். மூங்கில் மூடியால் ஒரு மூடி மருந்துதான். மிஞ்சினால் குழல் வெடித்து முகம் போய்விடும் என்று எத்தனை முறை சொன்னீர்கள்! சரியாக அடைத்தால் குழல்வாயோடு நிற்கும்படி கம்பியில் கோடுகூடக் கீறி வைத்திருந்தீர்கள்.

நான் கேட்டேனா? தூரத்து எதிர்மேட்டு ராகியைப் பன்றி உழுதுபோட்டது. பட்டாளத்தாருக்கு அவ்வளவு தூரம் சுட வராதா என்று ஊரே உங்களைக் கேலி பேசியது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று அடைத்தவன் நான். குண்டு எட்டிப் போகட்டுமென்று மூன்று மூடி கொட்டி இடித்துவிட்டேன்.

பொழுது சாயப் பன்றி வந்தது. நீங்கள் துப்பாக்கியைக் கன்னத்தோடு அணைத்தபோதுதான் குழல் வெடிக்குமே என்று எனக்கு உறைத்தது. சுற்றிலும் பத்துப் பேர். சொன்னால் சிரிப்பார்களே! அப்படியே நின்றேன். பாவி, 'வேண்டாம்' என்று ஒரு சொல் வரவில்லையே!

விசையை இழுத்தீர்கள். சடக். பொறி தரும் கேப்பு நமத்துப்போயிருந்தது. பன்றி ஓடிவிட்டது.

"பட்டாளத்தாரு வாயிலதான் சுடுவாராட்ட இருக்குது!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் கம்பியைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தீர்கள். கோடு குழல்வாய்க்கு மேலே மூன்று விரல் தூக்கி நின்றது. என்னைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"கேப்பு நமுத்துப்போச்சுங்க. என்ற தப்புதான்" என்றீர்கள் ஊராரிடம்.

திரும்பும் வழியெல்லாம் எப்போது திட்டுவீர்களோ என்று அடிக்கு அடி பயந்துகொண்டே வந்தேன். திட்டவில்லை. மறுநாளும் மருந்துப் பையை என் கையில்தான் கொடுத்தீர்கள். "பார்த்து அடைங்க." அவ்வளவுதான். இரண்டு அறை விட்டிருக்கலாமே மச்சான்!

நான் அறியாமல் செய்தேன் என்று நினைத்தே போய்ச் சேர்ந்திருப்பீர்கள். அடைத்தது ரோஷத்தில், அது போகட்டும். ஆனால் தெரிந்துதானே வாயை மூடி நின்றேன்! அக்காவின் தாலியை அன்று காப்பாற்றியது ஒரு நமத்த கேப்பு.

இப்போதெல்லாம் மனசுக்குத் தப்பாகப் பட்டால் நாலு பேர் நடுவிலும் பதறிச் சொல்லிவிடுகிறேன், சிரித்தால் சிரிக்கட்டும் என்று. அக்காவிடம் மட்டும் இதைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.