பூச நட்சத்திரத்தில் ஒரு கொடி

மனோர் பார்க், லண்டன்
14.7.85

அன்பு மகள் சிவகௌரிக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் பெரிய குறையில்லாமல் இருக்கிறோம். அந்தக் குளிரில் உனக்கு ஒரு தும்மல்கூட வரக்கூடாது என்பதுதான் எங்கள் வேண்டுதல்.

உன் கடிதம் கிடைத்தது. ஐந்து பக்கம், அதில் நாலேமுக்கால் பக்கம் கிறீன்லாந்து. மாசியில் ஐரோப்பியப் பொதுச்சந்தையை விட்டு விலகினது, மீனுக்கு ஜெர்மன்காரன் வந்து நிற்பது, அமெரிக்கன் தன் தளத்தை விடாமல் இருப்பது, போன மாதம் புதுக்கொடி ஏற்றினது, எல்லாம் எழுதியிருந்தாய். அம்மாவின் முழங்கால் எப்படி என்று கடைசியில் ஒரு வரி. இன்னும் வீக்கம்தான், அவவுக்குப் படியேற ஏலாது. எனக்குப் பொறாமை பிள்ளை, மறைக்கவில்லை. ஐம்பதினாயிரம் சனம், ஒரு வெடிச்சத்தம் இல்லாமல், வாக்குப் போட்டு நினைத்ததைச் செய்துவிட்டது. நாங்கள் வெடிச்சத்தத்துக்குத் தப்பி, ஊரில் வீட்டைப் பூட்டிய சாவியோடு இங்கே வந்து நிற்கிறோம். போதாததற்கு, ஆவணியில் முடிகிற அந்த நாட்டு ஆஸ்பத்திரி வேலையை இன்னும் மூன்று வருடம் நீட்டட்டோ என்று கேட்கிறாய். உலகமெல்லாம் அந்தப் பனிக்கட்டியைக் கேட்கிறது, அது என் ஒரே பிள்ளையையல்லவா கேட்கிறது! நீ அனுப்பிய படத்தில், நீ வாடகைக்கு இருக்கிற வீட்டுக்கார அம்மா பெற்றவள் மாதிரி உன் தோளில் கைபோட்டு நிற்கிறா. நான் அனுப்பிய மிளகாய்த்தூளில் பாதியும் அவவுக்காம்.

அந்த நாட்டுக்கு ஒரு அருச்சனை செய்யச் சொன்னாய். நட்சத்திரம் இல்லாமல் எப்படிச் செய்வது? கொடி ஏற்றின நாளைப் பஞ்சாங்கத்தில் பார்த்தேன். பூசம். உன்னுடைய நட்சத்திரம்! வயிறு பற்றி எரிந்தது. உன் பெயருக்கு மட்டும் செய்வித்து, நீ ஆவணியில் திரும்பி வரவேண்டும் என்று கேட்பதாகத்தான் கோவிலுக்குப் போனேன். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, ஆற்றை பேருக்கு எண்டு கேட்டார். சிவகௌரி, பூசம் என்றேன். வேறை ஆருக்கும் இருக்கோ எண்டார். என் வாய் சும்மா இருக்கவில்லை. கிறீன்லாந்து, அதுவும் பூசம் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, அது ஆர் அண்ணை எண்டார். நான் என்ன சொல்ல? சம்பந்தி வீட்டுப் பிள்ளை எண்டு சொல்லிப்போட்டன். அவரும் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லிவிட்டார். நீ திரும்பி வரவேண்டும் என்று கேட்க எனக்கு நா எழவில்லை.

அந்த மூன்று வருடத்துக்கும் கையெழுத்தைப் போடு மகள். திருநீறு மடித்து வைத்திருக்கிறேன், பூசிக்கொள். அந்த வீட்டுக்கார அம்மாவுக்கும் ஒரு கீறு வைத்துவிடு. முருகன் உன்னையும் அந்தச் சனத்தையும் காக்கட்டும். ஆனால் ஒன்று, இனி நீ எழுதும் கடிதத்தில் முதல் பக்கம் அம்மாவின் முழங்காலுக்கு.

உன் அப்பா
தில்லையம்பலம்