கைதட்டாத அவை

மாசி 9, ஞாயிறு
மடத்தில் அனுமதி பெற்று அக்கா வந்தாள். மாதம் ஒருமுறை, சிறிது நேரம். அம்மா விடியலிலேயே தலைவாரச் சொன்னார். நான் ஊட்டினால் துப்பும் கஞ்சியை அவள் கையால் வழித்துக் குடித்தார். பக்கத்து வீட்டாரிடம், "என் மூத்தவ, சிஸ்டர்" என்று பெருமை. நாளெல்லாம் படுக்கை மாற்றும் நான்? "இவ மேடையில கத்துறவ."

மாசி 12, புதன்
மடத்துப் பொன்விழாவில் பேச அழைப்பு. பொருள்: ‘கன்னியாஸ்திரி’ என்னும் சொல்லின் பொருளும் பிறப்பும். ஒப்புக்கொண்டேன். அம்மாவையும் சக்கர நாற்காலியில் அழைத்துச் செல்வேன். என் பேச்சுக்கு அரங்கம் அதிர்வதை ஒருமுறையேனும் கேட்கட்டும். அதுவும் அக்காவின் மடத்திலேயே!

மாசி 15, சனி
கன்னியா, ஸ்திரீ — இரண்டும் வடசொற்கள். மணம் செய்யாத பெண் என்பதே பொருள். செய்யாததைச் சொல்லும் சொல், செய்வதைச் சொல்லவில்லை. பழங்கல்வெட்டுகளிலோ சமணப் பெண்துறவியர் ‘குரத்தி’ எனப்பட்டனர்: ஆசிரியை, மாணாக்கரை உடையவள். எத்துணை நிமிர்ந்த சொல்! அக்காவுக்கா அதைக் கொடுப்பேன்? மாட்டேன். "இன்று அதற்கு உரியவர் எவர்?" என்று முடிப்பேன்.

மாசி 16, ஞாயிறு
முழங்கி, கை உயர்த்தி, வழக்கம்போல் நிறுத்தினேன். ஒரு கையும் அசையவில்லை. முக்காடுகள் குனிந்தன. அவர்கள் அவையில் கைதட்டுவதில்லையாம். தலைகுனிந்த அமைதியே பாராட்டாம். முன்பே சொல்லித் தொலைத்தால் என்ன? உயர்த்திய கையை எங்கே வைப்பேன்? 

செவி மங்கிய அம்மா அரங்கமே கேட்கக் கேட்டார்: "ஏன், என் பொண்ணு நல்லா பேசலியா?"

பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். அக்கா. தனியாகக் கைதட்டினாள். மடத்துத் தலைவி திரும்பி முறைத்தும் நிறுத்தவில்லை. அவளைப் பார்த்து அம்மாவும் தட்டினார்.

அவளைப் பார்த்துத்தானே! அதிலும் அவளே முந்திக்கொண்டாள்.

மாசி 17, திங்கள்
தொலைபேசியில் அக்கா சிரிக்கிறாள். "ஒழுங்கை மீறிட்டேனாம். அடுத்த மாசம் வீட்டுக்கு விட மாட்டாங்க. அம்மாவைப் பார்த்துக்கோடி, வாயாடி."

எனக்கு மகிழ்ச்சிதான். மகிழ்ச்சியா?

பங்குனி 7, ஞாயிறு
அவள் வரும் நாள். வரவில்லை. அம்மா சீப்பைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கஞ்சியைக் குடுவையில் ஊற்றினேன். அம்மாவைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி மடத்து வாயில்வரை தள்ளினேன்.

"யாரைப் பார்க்கணும்?" என்றார் காவலர்.

"குரத்தியை."

விழித்தார். "எங்க சிஸ்டரைத்தான்யா!" என்றார் அம்மா.

அக்கா ஓடிவந்ததும் அம்மா என் கையை விட்டார். குடுவையை அவளிடம் நீட்டினேன். வயிறு எரிந்தது. எரியட்டும், கஞ்சி ஆறுவதற்குள் அவர் குடித்தாக வேண்டும்.