ஏறும்போது உன் முறை

மதினி,

இன்று சாயங்காலம் போடிமெட்டில் ஜீப்பு பஞ்சரானது. ஜாக்கியைத் தேடிப் பின்சீட்டுக்கு அடியில் கைவிட்ட டிரைவர் தம்பி, சுருட்டிக் கட்டிய ஒரு படங்கை இழுத்து வெளியே போட்டான். ஏலக்காய் எடுக்கும்போது மழைக்கு இடுப்பில் சுற்றிக்கொள்வோமே, அந்தப் பிளாஸ்டிக் படங்கு. ஏலத்தோட்டத்துச் சேறும் பூஞ்சையும் கலந்த வாடை அடித்தது. கட்டியிருந்த சிவப்பு ரிப்பன் உன்னுடையது. "இங்கனயே கெடக்கட்டும், நாளைக்கும் மழைதான" என்று நீ சொருகிவிட்டுப் போனது. ரெண்டு வருஷமாக என் காலுக்கடியிலேயே கிடந்திருக்கிறது.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

உறவில் நீ எனக்கு யாருமில்லை. உனக்கு ஊர் சிலமலை, எனக்கு ராசிங்காபுரம். ஒரே தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் இடித்துக்கொண்டு உட்கார்ந்ததில் மதினியானவள். வளைவு திரும்பினால் எனக்குக் குமட்டும். அதை மறக்கடிக்கத்தான் முதல் நாள் நீ வெளியே கையைக் காட்டினாய். "அந்தா பாரு, அந்தப் பாறைக்கு அங்கிட்டு ஒரு சனம் இருக்கு. பிள்ளைக்குப் பேரு வைக்க மாட்டாக. அதுவா ஒரு பேரச் சொல்ற வரைக்கும் காத்துக் கெடப்பாக."

"அப்ப ஊமைப் பிள்ளைக்கு?" என்று கேட்டேன். நீ பதிலை யோசித்து முடிப்பதற்குள் மூன்று வளைவு போய்விட்டது. எனக்குக் குமட்டவே இல்லை.

அப்படித்தான் நம் வளையநாடு உண்டானது. வளைவுக்கு ஒரு சனம். உச்சியில் மஞ்சர், உன் ஆட்கள். மூடுபனியைத் துணியில் பிழிந்து குடிப்பார்கள், ராணி சொன்னால் மறுபேச்சு கிடையாது. அடிவாரத்தில் கிணற்றார், என் ஆட்கள். ராஜாவே இல்லாமல், கிணற்றைச் சுற்றி உட்கார்ந்து சண்டை போட்டே எதையும் முடிவு செய்வார்கள். சட்டத்தையும் நீயே போட்டாய். "ஏறையில ஏஞ் சனத்தப் பத்தி நாஞ் சொல்லுவேன். எறங்கையில ஒஞ் சனத்தப் பத்தி நீ சொல்லு. ஒருத்தி சனத்த இன்னொருத்தி தொடப்பிடாது." நாம் பேச ஆரம்பித்தால் டிரைவர் தம்பி பாட்டை நிறுத்திவிடுவான்.

சட்டத்தை மீறியது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். பெண் கேட்டு இறங்கி வந்த உன் இளவரசனைக் கிணற்றில் தள்ளிவிட்டேன். "அவென் ஏஞ் சனம்" என்றாய். "கெணறு என்னோடது" என்றேன். மறுநாள் ஏறும்போது உன் ராணி மெட்டுக் கதவை அடைத்து, மேலிருந்து வரும் ஆற்றையும் மறித்துவிட்டாள். என் சனம் வெறுங்குடத்தோடு ஏறி வந்து கதவுக்கு முன்னால் நின்றது.

"அவென் மேல வரட்டும், கதவத் தெறக்குறேன்."

"நீ மொதல்ல தெற. பெறகு ஏத்துறேன்."

ஒரு வாரம் இதே பேச்சு. கடைசி நாள் இறங்கும்போது என் முறை. அவனைத் தூக்கிவிடக் கயிறெல்லாம் மனசுக்குள் தயாராக இருந்தது. ஆனால் வீம்புக்கு வாயைத் திறக்காமல் வந்தேன். நீ ரெண்டு தடவை என் முகத்தைப் பார்த்தாய். நான் பாறையைப் பார்த்தேன். மறுநாள் நீ வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். மூன்றாம் நாள் நீயே இல்லை.

இது என்ன நியாயம் மதினி? சண்டையைப் பாதியில் போட்டுவிட்டா போவாய்? ரெண்டு வருஷமாக என் சனம் கைப்பிள்ளைகளோடு அங்கேயே நிற்கிறது. "நீங்களே தெறந்து விட்ருங்கக்கா, கததான" என்கிறான் டிரைவர் தம்பி. கதைதானாம். நான் திறந்தால் மஞ்சரும் என் சனமாகிவிடுவார்கள். அப்புறம் இந்த மலையில் உன்னுடையது என்று என்னதான் மிஞ்சும்? உன்மேல் வந்த ஆத்திரத்தில் என் பங்கு வேலையைக்கூட நான் செய்யவில்லை.

இன்றைக்குச் செய்தேன். டயர் மாட்டி ஜீப்பு இறங்கத் தொடங்கியதும், படங்கை மடியில் வைத்துக்கொண்டு, "கெணத்துக்குள்ள கயித்த விட்டாக" என்று ஆரம்பித்தேன். பாட்டு நின்றது.

"உசுரோட இருக்கானாக்கா?"

"இருக்கான். தண்ணி ருசியா இருக்குன்னு இம்புட்டு நாளும் கத்தாமக் கெடந்துருக்கான்."

உன் இளவரசனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், கதவுக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள் மதினி. ஈரத்துணியோடு நிற்கிறான். தட்டுவதற்குக் கையையும் ஓங்கிவிட்டான்.

"கதவு தெறந்துச்சா?" என்றான் டிரைவர் தம்பி.

"அது எறங்கையில சொல்றதில்ல" என்றேன்.

நாளைக் காலையில் இந்தப் படங்கை உன் இடத்தில் வைப்பேன். கால் வைக்க இடமில்லாத ஜீப்பில் இது வேறா என்று திட்டுவார்கள், திட்டட்டும். அன்று இறங்கும்போது நீ எப்படிக் காத்துக்கொண்டு வந்தாயோ, அப்படியே மெட்டு வரைக்கும் வாய் திறக்காமல் வருவேன். உன் முறை.