நீ பேசாத இடத்தில் என் குரல்

என் தங்கமே, சரசக்கா,

படக்காரர்கள் மறுபடியும் வந்திருக்கிறார்கள். நீ சின்னப் பிள்ளையாய் இருந்தபோது ஒருமுறை, கல்யாணமான புதிதில் ஒருமுறை, இப்போது எமர்ஜென்சி முடிந்த கையோடு மூன்றாம் முறை. நம் ஊர் எருத்தேன்பதிப் பிள்ளைகள் வளர வளரப் படம் பிடிக்கிறவர்களுக்கு நீ போய்ச் சேர்ந்தது தெரியாது. "சரசு எவிடே?" என்று மலையாளத்தில் கேட்டுக்கொண்டே ஜீப்பிலிருந்து இறங்கினார்கள். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நேற்றுப் பள்ளிக்கூடத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் பழைய படங்களை ஓட்டினார்கள். முதல் படத்தில், சின்னப் பிள்ளையாய்க் கடலைக்காய் பறித்துப் போட்டபடி, "நா பஸ் கண்டக்டர் ஆவனுங்க. எங்கூட்டு சனத்துக்கு டிக்கெட் கெடையாதுங்க" என்கிறாய். ஊரே சிரித்தது. அடுத்து வரப்போவது தெரிந்தும் நானும் சிரித்தேன்.

அடுத்தது உன் மாமியார் வீட்டு வாசல். படக்காரர்களுக்குத் தமிழ் வராது, உனக்கு மலையாளம் வராது. மலையாளப் பள்ளியில் படிக்கிறேன் என்று அப்பா என்னைத்தானே கூட அனுப்பினார்? "சுகமா இருக்கறயான்னு கேக்கறாங்கக்கா" என்றேன். நீ கேமராவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். கதவோரம் உன் மாமியார். நீ வாயைத் திறப்பதற்குள், "அக்காவுக்கு இவிடே நல்ல சுகமாணு" என்று சொல்லிவிட்டேன். வெளியாள் முன்னால் குடும்ப மானம் போகக்கூடாதாம்! பெரிய மனுஷி நான்!

உன் முகத்தின் மேல் என் குரல் ஓடுவதை நேற்றுதான் கேட்டேன். என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லத்தான் பார்த்தாயா? அன்று நான் சும்மா இருந்திருந்தால், கைக்குழந்தையோடு காய்ச்சலில் அங்கே கவனிப்பாரில்லாமல் கிடந்து போய்ச் சேர்ந்திருப்பாயா? என் நாக்கில் புழு விழ, அக்கா.

இன்று காலை உன் இடத்தில் உன் மகள் செல்வியை உட்கார வைத்தார்கள். பெரியவளானால் என்ன ஆவாய் என்று கேட்டார்கள். கேள்வியை அவளுக்குத் தமிழில் சொன்னேன். அவள் உன்னைப் போலவே என்னைப் பார்த்தாள். "அட, நீ சொல்லு புள்ள, டீச்சராவான்னு சொல்லு" என்று என்னைப் பிடித்துத் தூண்டினார் அப்பா. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். ஃபிலிம் ஓடிக்கொண்டே இருந்தது.

கடைசியில் அவளே சொன்னாள்: "எங்கம்மாவ இன்னொருக்கா ஓட்டிக் காட்டுங்க."

அதை ஓர் எழுத்து மாற்றாமல் மலையாளத்தில் சொன்னேன். இன்று பொழுது சாய்ந்ததும் ஓட்டுகிறார்கள். செல்வி என் மடியில்தான் இருப்பாள். அந்தக் குரல் வரும்போது, "இது உங்கம்மா சொன்னதில்ல சாமி, சித்தி சொன்னது" என்று சொல்லிவிடுவேன். உன்மேல் சத்தியம்.

உன் வாயாடித் தங்கச்சி,
பாப்பாத்தி