கடிகாரம் மாறும் வரைக்கும்

பிராங்க்ளின், டாஸ்மேனியா
செப்டம்பர், சனிக்கிழமை மாலை

அன்புத் தங்கை ரேலீனுக்கு,

நலம். உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. போனிலேயே பதில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். நீ போனை எடுத்தாலே அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள் என்று நீதானே எழுதியிருக்கிறாய். அவள் காதுபட எதைப் பேசுவது? அதனால்தான் பேனாவை எடுத்தேன். இல்லை, அது பாதி உண்மைதான். நீ கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொல்வேன் என்று எனக்கு முதல் நாளே தெரியும். சொல்ல வாய் கூசியது.

முதலில் ஊர்ச் செய்தி. ஹார்ட்ஸ் மலையில் போன வாரம்கூடப் பனி விழுந்தது. காலையில் ஆற்றின் மேல் மூட்டம் விலகவே நேரமாகிறது. பக்கத்துத் தோட்டத்து வெர்னா இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாள், வாய் மட்டும் ஆபரேஷனுக்கு முன்னால் இருந்த மாதிரியே இருக்கிறது. பின்கட்டுக் கூரையில் ஒழுகல். ஆள் வருகிறேன் வருகிறேன் என்கிறான், வந்தபாடில்லை.

அம்மா இல்லாமல் இந்தக் குளிர்காலத்தை எப்படி ஓட்டினாய் என்று கேட்டிருந்தாய். எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டாயே?

ரேலீன், நான் இவ்வளவு நல்ல குளிர்காலத்தைப் பார்த்ததே இல்லை. ஜூன் மாதத்தில் மணி ஐந்துக்குள் இருட்டிவிடும் இல்லையா, இருட்டினதும் கதவைச் சாத்திவிட்டுக் கணப்பில் விறகைப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்துவிடுவேன். இதற்குமேல் எங்கும் போகவேண்டாம், யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. மசாலா போட்ட சிப்பிக்கறியை மாவுக்குள் வைத்துச் சுட்ட ‘பை’ ஒன்றை பேக்கரியிலிருந்து வாங்கிவந்து, தட்டுகூட வைக்காமல் மடியில் காகிதத்தோடு வைத்துத் தின்பேன். படுக்கையில் மின்போர்வையைச் சூடாக்கிவிட்டுப் படுத்தால் விடிந்த பிறகுதான் கண் திறக்கும். அம்மா எழுந்து நடக்கிறாளா, கதவைத் திறக்கிறாளா, இருமுகிறாளா என்று பத்து வருஷமாக ஒரு காதைத் திறந்துவைத்துக்கொண்டே தூங்கியவள் நான். தூக்கம் என்றால் இதுதான் என்பதே மறந்துபோயிருந்தது.

ஜூலையில், குளிரில் தூங்கும் ஆப்பிள் மரங்களைச் சத்தம் போட்டு எழுப்பும் விழாவுக்குக்கூடப் போனேன். வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காத இடம். வெர்னாதான் விடவில்லை. “வாடி, வீட்டுக்குள்ளயே ஊறுகாய் மாதிரி ஊறிக் கெடக்காத” என்று கையைப் பிடித்து இழுத்தாள். மூஞ்சியில் கரியைப் பூசிக்கொண்டு, அம்மாவின் ஜாம் சட்டியைக் கரண்டியால் அடித்துக்கொண்டு, தோட்டம் முழுக்கக் கத்திக்கொண்டு திரிந்தேன். சூடான ஆப்பிள் சைடர் மது எத்தனை கோப்பை உள்ளே போனது என்று கேட்காதே. மறுநாள் காலையில்தான் போனைப் பார்த்தேன். அம்மா சாப்பிடமாட்டேன் என்று அழுகிறாள், கொஞ்சம் பேசு என்று நீ விடாமல் கூப்பிட்டது அந்த விழாச் சாயங்காலம்தான். போனில் சார்ஜ் இல்லை என்று உன்னிடம் சொன்னேன். சார்ஜ் இருந்தது. நான்தான் ஆடிக்கொண்டிருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு இரண்டு முறை நிமோனியா வந்த பிறகு டாக்டர் இனி இந்தக் குளிர் ஆகாது என்றார். நாம் இருவரும் பேசி, ஏப்ரலில் உன்னிடம் அனுப்புவது, அக்டோபரில் திரும்ப அழைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். அதெல்லாம் சரி. ஆனால் விமான நிலையத்தில் அம்மா கைப்பிடிக் கம்பியை விடவே இல்லை. எப்போ திரும்பி வருவேன், எப்போ வருவேன் என்று அதே கேள்வி. நான் சொன்னேன்: “கடிகாரம் மாத்தற அன்னைக்கு வீட்டுக்கு வந்துடலாம்மா.” சட்டென்று கம்பியை விட்டுவிட்டாள். தேதி, மாதமெல்லாம் அவள் தலையில் நிற்பதில்லை. கடிகாரம் மாற்றுவது மட்டும் நிற்கிறது. இந்த வீட்டில் அது அவள் வேலை அல்லவா. வசந்தம் வந்தால், கோடை வெளிச்சத்துக்காக ஊரே நேரத்தை மாற்றுகிற அந்த அக்டோபர் சனிக்கிழமை, சாப்பாடு முடிந்ததும் அறை அறையாகப் போய் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பாள், நம்மை ஒன்றையும் தொடவிடமாட்டாள்.

உங்கள் குவீன்ஸ்லாந்தில் கடிகாரத்தைத் தொடவே மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? கடிகாரத்தை மாற்றினால் வெயில் கூடித் திரைச்சீலை வெளுத்துவிடும் என்று பயப்படுகிற ஊர்க்காரர் என்று உன் வீட்டுக்காரர் ராஸை நீயும் நானும் எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறோம். சொன்னபோது அது தோன்றவில்லை, வாயில் வந்ததைச் சொன்னேன். கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் உறைத்தது. உறைத்தும் திருத்தவில்லை. ஆறு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் போனில் பேசியும் திருத்தவில்லை.

அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உன் சமையலறைக் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள், என்னவென்று கேட்டால் சிரிக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு ராஸ் சொன்னதையும் எழுதியிருக்கிறாய்: “விடு, நம்ம வீட்ல அது மாறப்போறதே இல்ல. கிறிஸ்துமஸுக்குள்ள மறந்துடுவாங்க.” அதன் கீழேயே, பத்து வருஷம் நீ பார்த்துவிட்டாய், இனி அம்மா என்னோடேயே இருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய்.

ராஸ் சொல்வது சரி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அங்கே வெயில் இருக்கிறது. அம்மாவுக்கு இருமலே இல்லை என்கிறாய். இங்கே கூரை வேறு ஒழுகுகிறது. எல்லாவற்றையும் யோசித்தால், ரேலீன், அவள் அங்கேயே இருப்பதுதான் அவளுக்கு

ஞாயிறு மதியம்

நேற்று அந்த இடத்தில் நிறுத்தினேன். கணப்பு அணைந்துகொண்டிருந்தது, விறகு எடுக்கப் போனேன், பிறகு எழுத ஓடவில்லை.

இன்று காலை நீ போன் செய்து, அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் துணி காயப்போடப் போனாய் அல்லவா? நீ போனதும் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“கிளெனிஸ், உன்கிட்ட மட்டும் சொல்றேன், ரேலீன்கிட்ட சொல்லிடாத. பாவம், இந்தப் பொண்ணுக்கு இத்தனை வயசாகியும் கடிகாரம் மாத்தத் தெரியலடி. நானே மாத்திடுவேன், எத்தனை நேரம் ஆகப்போகுது. ஆனா அவ மனசு கஷ்டப்படும். மாப்பிள்ளை வேற சிரிப்பாரு. அதான் அவளே மாத்தட்டும்னு பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன்.”

அவளே தொடர்ந்தாள்.

“நீதான் அங்க தனியா கெடந்து அல்லாடறே. குளிர்ல விறகு யாருடி தூக்கறா? எனக்கு இங்க சோறு எறங்கமாட்டேங்குது உன்ன நெனச்சா. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ, வந்துடறேன். நான் இல்லாம கஷ்டமாத்தானே இருக்கு?”

“ஆமாம்மா, கஷ்டமாத்தான் இருக்கு” என்றேன். அவள் நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

நேற்று எழுதிய பக்கங்களைக் கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன். போடவில்லை. உன் அக்கா எப்படிப்பட்டவள் என்று உனக்கும் தெரியட்டும். நான் டிக்கெட் எடுத்துவிட்டேன். கடிகாரம் மாற்றும் வாரம் வியாழக்கிழமை அங்கே வந்து, சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அம்மாவோடு இங்கே திரும்பிவிடுவேன். ஆசையாக வருகிறேன் என்று பொய் சொல்லமாட்டேன். நேற்று மாலைகூட இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல்தான் உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஏப்ரலில் மறுபடி உன் கையில்தான் ஒப்படைக்கவேண்டி வரும், அப்போது என்ன சொல்லி அனுப்புவது என்று நாம் இருவரும் சேர்ந்து யோசிப்போம். அதுவரை உன் சமையலறைக் கடிகாரத்தைப் பற்றி அவளிடம் ஒன்றும் கேட்காதே.

உன்னையும் ராஸையும் அந்த ஊர் வெயில் நன்றாக வைத்திருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன், ரேலீன். வியாழக்கிழமை நான் வந்து இறங்கும்போது என் முகம் தெளிந்திருக்கிறது, சதை போட்டிருக்கிறேன் என்று நீ வாய்விட்டுச் சொல்லிவிடாதே. அம்மா பக்கத்தில் நிற்பாள்.

உன் அக்கா,
கிளெனிஸ்