லாரிமோரின் குட்டிக்கு ஒரு பெயர்

ஹாயோ,

உன் அண்ணன் வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்க இதை எழுதவில்லை. இன்று நம் குதிரைக் குட்டிகளை மதிப்பிட நடுவர்கள் வந்தார்கள்.

லாரிமோரைப் பொலிகுதிரையாக வைத்துக்கொள்ளத் தயங்கியவன் நீ. பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பான், பார்க்கலாம் என்றாய். கொடுத்திருக்கிறான். இந்தப் பெண் குட்டி ஓடும்போது தோள் அவனைப் போலவே திறக்கிறது. பின்னங்காலில் அவனுடைய சோம்பலும் இருக்கிறது.

"கழுத்து அப்பன், கோபம் அம்மா" என்று சிரித்தார் நடுவர் அம்மாள். "டிரஸ்ஸாஜ் நடைப் போட்டிக்குன்னே பொறந்தவ. பின்பக்கம்தான் இன்னும் பலம் ஏறணும்."

பிறகு குட்டியின் பெயரைக் கேட்டார். அப்பன் பெயரின் முதல் எழுத்தில் தொடங்க வேண்டுமே.

"வழக்கமா உங்க பொண்ணுதானே பேர் வைப்பா? எங்க, ஆளையே காணோம்?"

பக்கத்துப் பண்ணை டியார்க் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தரையைப் பார்த்தான். அந்த அம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. எனக்கும் சொல்ல மனம் வரவில்லை.

"அவளக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் நம் மகள் கடைசியாகப் பேசியது உன்னோடுதான். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று என்ன பேசினாள் என்று நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை. இப்போது கேட்கிறேன். அப்போது தாய்க்குதிரையின் வயிற்றில் இருந்த இந்தக் குட்டிக்கு ஏதாவது பெயர் சொன்னாளா?

சொல்லவில்லை என்றால், சொன்னதாக ஒன்றை எழுதி அனுப்பு. நான் நம்பிக்கொள்கிறேன்.

அவள் அம்மா