மடிப்புக் கலையாத சட்டைகள்

சமைத்து அடுப்பு மேலேயே மூடி வைத்திருக்கிறேன். உப்பு கொஞ்சம் தூக்கல், பொறுத்துக்கொள். குழாய் ரிப்பேர்காரர் மதியத்துக்குள் வருவார். பின் கதவுச் சாவி ஜன்னலில் இருக்கிறது.

நீ நல்ல தூக்கத்தில் இருக்கிறாய். எழுப்பவில்லை. உன் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருக்கிறது.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆயிற்றென்று நேற்று உன் அக்கா குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டோம். "இந்த ஒரு வருஷத்துல எங்களுக்குள்ள ஒரு சண்டைகூட கிடையாது" என்று நான்தான் பீற்றிக்கொண்டேன். அக்கா என் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியா தம்பி? சின்ன வயசுல இவளுக்குக் கோபம் வந்தா வாயே திறக்க மாட்டா. வீட்ல இருக்கற துணியெல்லாம் எடுத்து வெச்சு அயர்ன் பண்ணிட்டிருப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் தண்ணீர் எடுக்க உள்ளே போய்விட்டாய்.

வருஷம் முழுக்க மடிப்புக் கலையாத சட்டைதான் போட்டேன். "கொடுத்து வெச்சவன்யா நீ" என்று கடையில் சொல்வார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

இன்று காலையில் பீரோவைத் திறந்தேன். என் சட்டைகள், தலையணை உறை, கைக்குட்டை, அடுப்படிக் கரித்துணி வரைக்கும் மடிப்பு. சத்தம் போடாமல் சாத்திவிட்டேன். அழுக்குக் கூடையிலிருந்து நேற்றைய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு போகிறேன்.

பி.கு: அயர்ன் பாக்ஸைத் தேடாதே. என் பையில் இருக்கிறது.

சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுவேன். வந்ததும் திட்டு. உனக்கு எதற்கெல்லாம் கோபம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அதிலிருந்தே ஆரம்பி.